ரெண்டு கோவிந்தம்மா, ஒரு ஆம்லேட்

"இது எப்டி வந்துச்சின்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க," என்று டில்லிபாபு கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "செத்துப் போன எங்கம்மாவுக்கு வச்ச படையலு சார் இது. அதத்தான் இன்னிக்கி ஊரே துன்னுகினு கீது."

கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த வேம்புவுக்குச் சுருக்கென்றது. இந்தக் கதையைப் புருஷன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவளுக்குப் பழகவேயில்லை.

"சொல்லுங்கண்ணா, சொல்லுங்க! மக்களுக்கு இந்த மாதிரிக் கதைதான் வேணும்," என்றான் சாய்சரண். மயிலாப்பூர்ப் பையன். சாப்பாட்டுக் கடைகளைப் படம் பிடித்துப் போடுவதுதான் வேலை. படம் பிடிக்கும்போது ஒரு தமிழ், போனை இறக்கியதும் வேறு தமிழ். கடைக்குள் நுழைந்ததுமே வேம்புவிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தான்: "அக்கா, எங்காத்துல நான் அடை அவியல் பத்திப் பேசிண்டு இருக்கேன்னு நெனச்சிண்டிருக்கா. இந்தக் கருவாடு தனி சேனல். காட்டிக் குடுத்துடாதீங்கோ."

டில்லிபாபு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எங்கம்மா மார்க்கெட்ல மீன் வித்துட்டு மத்தியானம்தான் வரும். அதுக்குச் சோறு ஆகாது. காலைல சுட்ட இட்லி ஆறிப்போய்க் கெடக்கும் பாரு, அத உதுத்து, மேல நெத்திலிக் கருவாட்டுத் தொக்க ஊத்தி, மாங்கா கீத்து ஒண்ண கடிச்சிகினு துன்னும். மொத வருசப் படையலுக்கு அதையே பண்ணோம். ஊட்ல எடமில்ல, கடைலதான். எல போட்டாச்சி. கூப்டப் போறேன். அந்த நேரம் பாத்து காலேஜ் பசங்க ஒரு கும்பலு. தொப்பலா நனைஞ்சி, 'அண்ணா, எதுனா குடுங்கண்ணா'ன்னு நிக்கிறானுங்க. பசின்னு வந்தவன எப்டி சார் தொரத்தறது? எலைல கெடந்தத எடுத்துக் குடுத்துட்டேன். மறுநா அதே கும்பலு வந்து, 'அந்தக் கோவிந்தம்மா இட்லி குடுங்கண்ணா'ங்குது. எங்கம்மா பேரு கோவிந்தம்மா."

"வேற லெவல்ணா!"

அடையாறு டெப்போவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், நாலைந்து பெஞ்சு போட்ட சின்னக் கடை அது. இப்போது மத்தியான நேரத்தில் சந்தே அடைத்துக்கொள்கிறது. ஐ.டி. கம்பெனிக்காரர்கள், கண்டக்டர்கள், தி.நகரில் புடவை எடுத்துவிட்டு நேராக இங்கே வருகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. பரிமாறுகிற முருகையனுக்கு டெப்போவில் தூங்குகிற பஸ்ஸை எழுப்புகிற குரல். ஆர்டரை எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. கேட்டதும் அடுப்படியைப் பார்த்து ஒரு கூவல்.

"ரெண்டு கோவிந்தம்மா, ஒரு ஆம்லேட்!"

சாய்சரணுக்கும் தட்டு வந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தான். கண்ணை மூடித் தலையை ஆட்டத் தயாராக இருந்தவன், ஆட்டவில்லை.

"அக்கா, உப்பு?"

"கருவாடு தம்பி அது."

"அதான்க்கா சொல்றேன். கருவாட்டுல உப்பில்லைன்னு நான் வீடியோல சொன்னா என்னைத்தான் சிரிப்பா."

அவன் ஒருவன் சொல்லியிருந்தால் வேம்பு விட்டிருப்பாள். கொஞ்ச நாளாகவே இந்தப் பேச்சு வந்துகொண்டிருந்தது. "இன்னாண்ணி, ஊட்ல உப்பு தீந்து போச்சா?" என்று ஒருத்தன். "டாக்டரு எனக்குத்தான் உப்பு வேணாம்னாரு, ஊருக்கேவா?" என்று இன்னொருத்தன். வேம்பு சட்டியிலிருந்து ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்ப்பாள். நாக்கு சுருங்குகிற அளவுக்கு உப்பு இருக்கும்.

அன்றைக்கு அவள் ஒன்று செய்து பார்த்தாள். ஒரு தட்டில் இட்லியை உதிர்த்து, தொக்கை ஊற்றி, கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாய் போட்டாள். சரியாக இருந்தது. பெஞ்சிலிருந்து எவனோ கேட்டான். முருகையன் கூவினான்: "ஒரு கோவிந்தம்மா!"

அதே தட்டு. அதே கை. அடுத்த வாய் போட்டாள். நனைந்த காகிதத்தை மெல்லுவதுபோல இருந்தது. காரம் இல்லை, புளிப்பு இல்லை, உப்பு இல்லை. கருவாட்டு வாசனைகூட இல்லை. யாரோ மென்று சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையைத் திருப்பி வைத்த மாதிரி.

தட்டைக் கீழே வைத்தாள்.

குப்பத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா இது? படையல் போட்டால் அப்படித்தான். சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. இலை போட்டு, உறவைச் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே வந்து அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும். அப்போது அந்தச் சோற்றில் உப்பு ஒரு மாற்றுக் குறைவாக இருக்கும். எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். மனசு நிறைந்துபோகும்.

ஆனால் அந்த முதல் வருஷத்தில் என்ன நடந்தது? டில்லிபாபு சட்டியில் விரலை விட்டு உப்புப் பார்த்தான். "யோவ், கைய எடுய்யா, அது உங்கம்மாளுக்கு!" என்று அவள் கத்தினாள். "எங்கம்மாதான, கோச்சிக்காது," என்றான். அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்பே இலையைக் காலி பண்ணினான். அதற்கப்புறம் படையலே போடவில்லை. கேட்டால், "தெனம் அம்மா பேருலதான போடறோம்? தனியா இன்னாத்துக்கு?" என்பான்.

உப்பு போனால்கூடப் பரவாயில்லை. வேம்புவின் பயம் அது இல்லை. அவளுடைய பயமெல்லாம் புருஷன் உடம்பைப் பற்றித்தான்.

டில்லிபாபு சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். காலையில் கடை திறப்பதற்கு முன்பே ஒரு அடுக்கு இட்லி. மத்தியானம் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வான். சாயங்காலம் சட்டியை வழித்துவிடுவான். அத்தனையும் எங்கே போயிற்று? கன்னம் ஒட்டிவிட்டது. லுங்கி நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்தான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. கடைசியில், "குடல்ல பூச்சி இருக்கும்," என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையையும் பசியோடு விழுங்கிவிட்டு, "இன்னாடி டிபனு?" என்று கேட்டான்.

சாய்சரண் மறுபடி வந்தான். இந்த முறை கேமரா இல்லை.

"உப்பில்லைன்னு நானே சொன்னேன். ஆனா ராத்திரியெல்லாம் இதே நெனப்பாவே இருந்துதுக்கா. ஏன்னு தெரியலை," என்று உட்கார்ந்தான்.

முருகையன் கூவினான். தட்டு போயிற்று. வேம்பு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாயோ நான்காம் வாயோ, பையனின் மெல்லும் விதம் மாறியது. கடைவாயில் பல்லில்லாதவர்கள் முன்பல்லால் அரைப்பதுபோல. கண்ணை இடுக்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாமே பாத்துகினு நிக்கிற? மழ வருது. மணல்ல காயப்போட்டதெல்லாம் நனையப் போவுது. போய் அள்ளுமே!"

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

மயிலாப்பூர்ப் பையன் வாயில் குப்பத்துத் தமிழ். கேலி செய்கிறானோ என்று முருகையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வேம்பு சிரிக்கவில்லை. அந்தக் குரலில் ஒரு ஆயுசு வெயில் ஏறியிருந்தது.

"மாங்கா இன்னும் ரெண்டு கீத்து கெடைக்குமாக்கா?" என்றான் சாய்சரண், பழைய குரலில்.

"இப்ப இன்னா தம்பி சொன்னே?"

"மாங்கா கேட்டேன். ஏன்க்கா, தீந்துடுத்தா?"

அதற்குப் பிறகு வேம்புவின் காது அதிலேயே நின்றது. ஒரு கண்டக்டர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெண் குரலில், "என் மூக்குத்திய கயட்டிட்டுப் பொதைங்கடா, கூடவா எடுத்துனு போவப் போறேன்?" என்று முணுமுணுத்துவிட்டு, மறு நிமிஷம் சில்லறைக்குச் சண்டை போட்டார். அனன்யா என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஐ.டி. பெண், கையில் இட்லியோடு தெருவைப் பார்த்துத் திரும்பினாள். சுவரும் வீடுகளும் மறைக்கிற அந்தப் பக்கம்தான் கடல்.

"மிக்கேலு படகு தெரிதா பாரேன். விடிஞ்சி எம்மா நேரமாச்சி."

வேம்பு தட்டைப் போட்டுவிட்டு எதிர்ச் சாரிக்குப் போனாள். அங்கேதான் எஸ்தர் மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே குப்பம். ஒருத்திக்கு எல்லையம்மன், ஒருத்திக்கு மாதா. மற்றபடி ஒரே வாய்.

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி வர்றே?"

"அறஞ்சாதான் தேவலியே. அது பாட்டுக்கு உக்காந்து துன்னுகினு கீது," என்று வேம்பு எல்லாவற்றையும் சொன்னாள்.

எஸ்தர் வஞ்சிரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள்.

"உங்க மாமியா கருவாடு காயப்போட்டுக்கீதா?"

"எங்க அத்தையா? பச்ச மீனத் தவர வேற எதையும் கையால தொடாது. துன்றது மட்டும்தான் கருவாடு."

"மூக்குத்தி?"

"அதுக்கு மூக்கே குத்தல."

"அப்புறம் எப்டிடி உங்க மாமியாங்கற?"

 அது வேம்புவுக்கும் உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"மிக்கேலுன்னு ஒருத்தன் எங்க தெருவுல இருந்தான்," என்றாள் எஸ்தர் மெதுவாக. "கடலுக்குப் போனவன் வரல. அவன் அம்மா கரைலயே உக்காந்துனு இருந்து செத்துப் போச்சி. கல்யாணத்துக்கு முன்ன அதும் பேரு கோவிந்தம்மாதான். சர்ச்ல தண்ணி ஊத்தி வேற பேரு வச்சாங்க. ஆனா ஊர்ல எவளும் அந்தப் பேர்ல கூப்ட்டதில்ல."

"எஸ்தரு..."

"அந்தக் காலத்துல திருவான்மியூர்லேர்ந்து பட்டினப்பாக்கம் வரைக்கும் தெருவுக்கு ஒரு கோவிந்தம்மா கீதுடி. உங்க முருகையன் இன்னான்னு கூவுறான்? 'யம்மா'ன்னா? 'அத்தே'ன்னா? வெறும் பேரத்தான கூவுறான்? யார் யாருக்கு அந்தப் பேரோ அவங்கல்லாம் எழுந்து வராங்க. நமக்கு எல போட ஒருத்தன் கீறான்டான்னு ஆசையா வராங்க. வந்து பாத்தா எல முன்னால எவனோ குந்திகினு கீறான்."

"அவங்க ஏன் எங்க ஊட்டுக்காரர புடிக்கணும்?"

கேட்டு முடிப்பதற்குள் வேம்புவுக்கே விளங்கிவிட்டது. படையலில் முதல் விரல் வைத்தவன் அவன். இன்று வரைக்கும் ஒவ்வொரு சட்டியிலும் விரல் வைக்கிறவன் அவன். உட்கார இலையில்லாதவர்களுக்கு அவன் வயிறுதான் இலை.

அவள் கடைக்கு ஓடினாள். மத்தியானக் கூட்டம் வடிந்திருந்தது. பின்கட்டில், கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், டில்லிபாபு குந்தியிருந்தான். மடியில் தொக்குச் சட்டி. கை சட்டிக்கும் வாய்க்கும் போய்ப் போய் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"போதும்யா. நிறுத்துய்யா!"

"முடியல வேம்பு," என்றான் மென்றுகொண்டே. "நான் துன்னல. துன்றாங்க."

கையைப் பிடித்து இழுத்தாள். எலும்பும் தோலுமான அந்தக் கையில் பத்துப் பேர் பலம் இருந்தது. அவன் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்கள் வந்தன:

"இன்னும் ரெண்டு போடேன்."

"எனக்கு ஊத்தவே இல்லியே."

"என்னியத்தான கூப்ட்டே?"

கடைசியாக ஒரு மெலிந்த குரல். "நான் வாசல்லியே நிக்கிறேன், எனக்கு எடமே இல்ல."

அன்று சாயங்காலம் முழுக்கச் சண்டை.

"பேரத் தூக்கிடுய்யா."

"எங்கம்மா பேர அழிக்கச் சொல்றியா? நான் துன்ற சோறு அதுடி."

"நீ துன்ற சோறா? கண்ணாடில பாரு. சோறு துன்ற மூஞ்சா அது? பேரு இருக்கும், நீ இருக்க மாட்டே. அப்பறம் நான் உனக்கும் சேத்து எல போடணும். நீயும் எவன் கூப்ட்டாலும் எழுந்து வருவியா?"

 பசிக்கிறது என்று மட்டும் அவன் சொன்னான்.

வேம்பு நாள் நட்சத்திரம் பார்க்கவில்லை. பார்க்க அவகாசமில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் கூட்டம் சந்து முனை வரைக்கும் நின்றது. அந்த நேரத்தில்தான் முருகையனையும் புருஷனையும் வெளியே தள்ளினாள்.

"அண்ணி, இன்னா பண்றீங்க? வெளிய கூட்டம் நெட்டித் தள்ளுது!"

"உள்ளயும்தான் கூட்டம். அவங்களுக்கு மொதல்ல போடணும்."

வாயிலும் மூக்கிலும் துண்டைக் கட்டிக்கொண்டு அவளே சமைத்தாள். ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. கட்டு இலை மொத்தத்தையும் பிரித்தாள். மேஜைமேல் வரிசையாகப் போட்டாள். அது போதாமல் தரையில் போட்டாள். அடுப்படி ஓரம் தனியாக ஓர் இலை போட்டு, அதை மாமியாருக்கு என்று மனசில் வைத்துக்கொண்டாள். இட்லியை உதிர்த்தாள். தொக்கை ஊற்றினாள். மாங்காய்க் கீற்று ஒவ்வொன்றாக வைத்தாள்.

பிறகு கடை நடுவில் நின்று கூப்பிட்டாள். ஊர் உறவு தெரியாதவர்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? தெரிந்த முறையெல்லாம் சொன்னாள்.

"அத்தே, வா. சித்தி, வா. பெரிம்மா, வா. சின்னம்மா, அக்கா, ஆயா, எல்லாரும் வாங்க. மிக்கேலம்மா, நீயும் வா. கூப்ட ஆளில்லாதவங்கல்லாம் வாங்க. உங்க ஊட்டுப் பொண்ணு கூப்டறேன். வந்து வயிறாரத் துன்னுட்டுப் போங்க. அந்த மனுசன உட்டுருங்க."

வெளியே வந்து ஷட்டரை இழுத்து விட்டாள். ஒரு மூலை நெளிந்து போன ஷட்டர் அது. தரையோடு சேராமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது.

வெளியே ஒரே இரைச்சல். "இன்னாக்கா, மூடிட்டீங்க? தாம்பரத்துலேர்ந்து வரோம்!" படியில் டில்லிபாபு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முருகையன் கையில் போன் அலறியது. டெலிவரிக்காரர்களின் ஆர்டர். பழக்கதோஷத்தில் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோவி..." என்று வாயைத் திறந்தான். வேம்பு பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

அப்போது உள்ளே சத்தம் கேட்டது.

முதலில் இலை சரசரத்தது. பிறகு பெஞ்சு முனகியது, கனமானவர்கள் நெருக்கி உட்காரும்போது முனகுவதுபோல. கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மௌனம் பின்னால் பரவியது. சந்து முழுக்க, உள்ளே யாரோ மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது.

"விக்."

ஒரு விக்கல். தெளிவாக.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மூலையிலிருந்து ஒன்று. படியில் இருந்த டில்லிபாபுவின் உடம்பு தூக்கிப் போட்டது. "விக்." அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒன்று விக்கும்போதெல்லாம் இவனுக்கும் விக்கியது. முகம் சிவந்தது, பிறகு கருத்தது. மூச்சு எடுக்க இடைவெளி இல்லை.

"அண்ணி! அண்ணனுக்கு மூச்சு அடைக்குது! தொறங்க, உள்ள போலாம்!"

"தொறக்கக் கூடாதுடா! பாதில தொறந்தா எழுந்து போயிடுவாங்க. எழுந்து எங்க போவாங்க?"

என்ன தப்பு செய்தோம்? உப்புப் பார்க்கவில்லை. முறை சொல்லிக் கூப்பிட்டாயிற்று. கதவைச் சாத்தியாயிற்று. அவள் கண் தானாக ஷட்டருக்குப் பக்கத்தில் போயிற்று. ஸ்டூலின் மேல் தண்ணீர் கேன். மேலே கவிழ்த்து வைத்த டம்ளர்கள்.

தண்ணீர்!

எந்த வீட்டுப் படையலிலும் முதலில் வைப்பது அதுதான். வீட்டில் போட்டிருந்தால் மறந்திருக்க மாட்டாள். கடையில் யார் தண்ணீர் வைக்கிறார்கள்? வருகிறவன் கேனில் பிடித்துக்கொண்டு போய் உட்காருவான். அந்தப் பழக்கத்தில், செத்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, தண்ணீரை வாசலிலேயே விட்டுவிட்டாள்.

குழாயைத் திறந்து ஒரு டம்ளரை நிரப்பினாள். தரையில் குப்புறப் படுத்தாள். நெளிந்த மூலையில், அந்த ஒரு சாண் இடைவெளியில், டம்ளரை உள்ளே தள்ளினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து டம்ளர் இழுபட்டது.

கையை உதறி எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பின்னால் டில்லிபாபு விக்கினான். வேம்பு அடுத்த டம்ளரைத் தள்ளினாள். அதுவும் போயிற்று. "புடிச்சிக் குடுடா!" என்று கத்தினாள். முருகையன் கண்ணை மூடிக்கொண்டு டம்ளர் டம்ளராகப் பிடித்துக் கொடுத்தான். ஒரு தடவை அவள் கை கொஞ்சம் அதிகமாக உள்ளே போய்விட்டது. விரல்கள் அவள் விரல்மேல் பட்டன. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன்போல ஜில்லென்று, ஈரமாக. அந்த விரல்கள் அவள் புறங்கையை ஒரு தட்டுத் தட்டின. அவசரப்படாதே என்பதுபோல.

ஒவ்வொரு விக்கலாக அடங்கியது. மூலையில் ஒன்று. நடுவில் ஒன்று. கடைசியில் வாசலுக்கு மிகப் பக்கத்தில் ஒன்று. படியில் டில்லிபாபு நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

உள்ளே நிசப்தம். கொஞ்ச நேரம் பொறுத்து, வேம்பு எழுந்து ஷட்டரைத் தூக்கினாள்.

இலைகள் எல்லாம் மடித்துக் கிடந்தன. தரையில் போட்டவையும் மடித்துக் கிடந்தன. எழவு வீட்டில் மடிப்பதுபோல வெளிப்பக்கமாக அல்ல. கல்யாண வீட்டில் மடிப்பதுபோல, சாப்பிடுகிறவர்களின் பக்கமாக. வேம்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். இட்லி அப்படியே இருந்தது. ஆனால் காய்ந்து வெளுத்து, பல நாளானதுபோல. அவள் நகக்கண்ணில் ஏதோ மினுங்கியது. மீன் செதில். இரண்டு நாளாக அவள் பச்சை மீனைத் தொடவேயில்லை.

முருகையன் அடுப்படிக்குப் போய்ச் சட்டியில் மிச்சமிருந்த தொக்கைத் தொட்டு நக்கினான். முகத்தைச் சுளித்தான்.

"அண்ணி! உப்பு வாரிக் கொட்டிக்கீறீங்களே! வாய்ல வைக்க முடியல!"

"கொட்டிட்டனா?" என்றாள் வேம்பு. அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "யோவ், நீ ஒரு வாய் துன்னுய்யா. மத்தியானத்துக்கு ஒண்ணும் துன்னல."

டில்லிபாபு உள்ளே வந்து நின்றான். சட்டியைப் பார்த்தான். தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான், வேறு யாருடைய வயிற்றையோ தொடுவதுபோல.

"வேணாம் வேம்பு. பசியே இல்ல."

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாசமாயிற்று. வேம்பு முருகையன் பக்கம் திரும்பினாள்.

"டேய் முருகையா. இன்னிலேர்ந்து அந்தப் பேர கூவக் கூடாது."

"அப்ப இன்னான்னு கூவறது அண்ணி?"

"நெத்திலி இட்லின்னு கூவு. எவனாவது பேரச் சொல்லிக் கேட்டா, அந்தக் கட வேற எங்கியோன்னு சொல்லு."

டில்லிபாபு இதை மறுக்கவில்லை. அவன் கவனம் அங்கே இல்லை. அடுப்படி ஓரத்தில் தனியாகப் போட்ட இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது மட்டும் மடிக்காமல் திறந்திருந்தது. தொக்கு மேல் எண்ணெய் மினுங்கியது. மாங்காய்க் கீற்று பச்சையாக, இப்போதுதான் நறுக்கியதுபோல இருந்தது.

"அது யாருக்கு?"

"உங்கம்மாவுக்கு."

"மத்தவங்கல்லாம் துன்னுட்டுப் போயிட்டாங்க. எங்கம்மா ஏன் வரல?"

வேம்பு யோசித்தாள். அவள் அத்தே என்று கூப்பிட்டிருந்தாள். யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். இந்த இலைக்குரியவள் மட்டும் எங்கோ நின்றுகொண்டிருக்கிறாள். அன்றைக்குத் தன் இலையை எடுத்து ஊருக்குக் கொடுத்த மகன் வீட்டு வாசலை மிதிக்கலாமா வேண்டாமா என்று.

"நீ இன்னும் கூப்டவேயில்லியே," என்றாள்.

அவன் இலைக்கு முன்னால் மெதுவாக உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கேமராவுக்கு முன்னால் கூசாமல் சொன்ன பேர் அது. இப்போது உதடு வரைக்கும் வந்து நின்றது. அவன் தலையை ஆட்டினான். அது வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு, சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூப்பிட்டிருப்பானே, அந்த மாதிரி:

"யம்மா..."

வேம்பு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் பிடித்து இலைக்கு வலது பக்கம் வைத்தாள். முருகையனைக் கண்ணைக் காட்டி அழைத்துக்கொண்டு வெளியே வந்து, ஷட்டரை மறுபடி இறக்கினாள். புருஷனை வெளியே வா என்று சொல்லவில்லை.

தாம்பரத்துக்காரன் கிட்டே வந்தான். இப்போது அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, இன்னும் எவ்ளோ நேரமாவும்?"

"ஒருத்தங்க பாக்கி. இருங்க."

அவள் ஷட்டர் ஓரமாக நின்று கேட்டாள். உள்ளே டில்லிபாபு பேசிக்கொண்டிருந்தான். "தொக்கு போதுமா?" என்றான். ஓர் இடைவெளி. "உப்பு ஜாஸ்தின்னு எனக்கும் தெரியும்மா, அவ ருசி பாக்கல." மறுபடி ஓர் இடைவெளி, ஒரு வாய் மென்று விழுங்குகிற நேரம். அப்புறம் அவன் சிரித்தான்.